கையால் காட்ட முடியாத சொற்கள்

பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் எதிரில் வாய் திறந்தால் எனக்குக் குரல் உள்ளே போய்விடும். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததே அதிகம்தான், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க நான் பாடம் தயாரித்தேன் என்றால் என் பள்ளிக்கூடத்து டீச்சரே நம்ப மாட்டார். ஆனால் தயாரித்தேன். அந்தப் பாடத்தைப் படித்தவர் என் வீட்டுக்காரர்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சேவூரில் எங்கள் வீடு. அவர் பட்டு நெய்கிறவர். வெளிநாட்டில் ஒரு கண்காட்சி நடக்கப்போகிறது, அங்கே தறி போட்டு ஜனங்கள் எதிரில் நெய்து காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று நெசவாளர் சங்கத்தில் சொன்னார்கள். மெட்ராஸிலிருந்து அதிகாரி வந்து, ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் இங்கிலீஷில் பேசிப் பார்த்து எடுப்பாராம். என் வீட்டுக்காரர் வெளியில் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. என்னிடம் மட்டும் சமையல்கட்டு வாசலில் நின்று சொன்னார்.

"ஒரு தபா பிளேன்ல ஏறிப் பாக்கணும்மே."

எனக்கு இது வேண்டும் என்று அவர் எதையும் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அதனால்தான் துணிந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பள்ளிப் புத்தகம் வாங்கி வந்து ஆரம்பித்தேன். முதல் பாடம் பசு. பசுவுக்கு நாலு கால், பசு பால் தரும். ஒரு வரி சொல்லிப் பார்த்துவிட்டு அவர் முறைத்தார்.

"அங்க வந்து எவன் என்கிட்ட மாட்டப் பத்திக் கேக்கப் போறான்?"

நியாயம்தான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தறியில் இருக்கிற சாமான்களுக்கெல்லாம் இங்கிலீஷ் தேடி வைத்தேன். பட்டு, ஜரிகை, கரை, முந்தானை. அவர் தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருக்க, நான் எதிரில் உட்கார்ந்து நூல் சுற்றியபடி ஒவ்வொன்றாகச் சொன்னேன். குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடாவை அவர் நிறுத்திவிட்டு, ஜரிகைக் கண்டைத் தூக்கிக் காட்டினார்.

"இது இன்னான்னு கேட்டா இப்டித் தூக்கிக் காட்டுவேன். கரையக் கேட்டா தொட்டுக் காட்டுவேன். கையால காட்ட முடியாதது இன்னா இருக்கோ, அத மட்டும் சொல்லிக் குடு. ஜல்தியா முடியும்."

அதன்பிறகு எனக்கு அதே யோசனை. அரிசி களையும்போதும் குடம் சுமக்கும்போதும் நான் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் கையால் காட்ட முடியுமா என்று பார்ப்பேன். பசி, தலைவலி, தண்ணீர் எல்லாம் காட்டிவிடலாம். எந்த ஊர் என்பதைக் காட்ட முடியாது. நேற்று என்பதைக் காட்ட முடியாது. எத்தனை வருஷமாக நெய்கிறேன், வீட்டில் அம்மா இருக்கிறார்கள், புரியவில்லை மெதுவாகச் சொல்லுங்கள், இதெல்லாம் வாயால்தான் ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் தன் பேர். ஆக அதுதான் முதல் பாடம்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் புருஷன் பேரைப் பெண்சாதி வாயால் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட, இந்தச் சாமியின் பேர்தான் என்று படத்தைக் காட்டிச் சமாளிப்பேன். இங்கிலீஷுக்கு நடுவில் சொன்னால் தோஷமில்லையோ என்று யோசித்தேன். வாய் வரவில்லை.

இருந்தாலும் கேள்வியையாவது கேட்போம் என்று, அவர் முகத்தைப் பார்க்காமல் தறிக்காலைப் பார்த்துக் கேட்டேன். "வாட் இஸ் யுவர் நேம்?"

உளுந்து புடைத்துக்கொண்டிருந்த என் மாமியாருக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரிந்திருந்தது.

"இன்னாடி இது, ரெண்டு புள்ள பெத்தப்புறம் புருஷன் பேரக் கேட்டுகினுக்கிற?"

அவர் சிரித்ததில் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டே, "சரி, உன் பேர வெச்சே சொல்லு. நான் பின்னாடியே சொல்றேன்" என்றார்.

"அந்த எடத்துல நீங்க உங்க பேரப் போட்டுக்கணுங்க."

"தெரியும் தெரியும்."

'மை நேம் இஸ்' என்று தொடங்கி என் பேரைச் சொன்னேன். நாடா ஒரு பக்கம் போகும்போது பாதியும் திரும்பும்போது மீதியுமாக அவர் அப்படியே சொன்னார், என் பேரோடு. அதுவரை என்னை 'மே' என்றும் 'இங்க பாரு' என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். தினமும் நெசவோடு நெசவாக என் பேரைக் கேட்க இதமாக இருந்தது. தன் பேரை யாராவது மறப்பார்களா என்று விட்டுவிட்டேன். மற்ற பாடங்களும் அதேபோல் நாடாவோடு போய் வந்தன.

அதிகாரி வந்த அன்று அவர் இஸ்திரி போட்ட சட்டையில் சங்கத்துக்குப் போனார். திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இன்னாங்க ஆச்சு?"

"பேர் கேட்டாரு. உன் பேரச் சொல்லிட்டேன்."

"ஐயோ! அத்தினி பேர் எதிர்லியா?"

"அந்த சாருக்கு இன்னா தெரியும், எழுதிக்கினாரு. நம்ம ஆளுங்கதான் விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. 'நோ சார், ஒய்ஃப்'ன்னேன். அதுக்கு இன்னும் சிரிச்சானுங்க. ஒரே பேஜாரு."

"பிளேன் ஏறதுக்கு முன்னாடியே பொம்பளையா மாறிட்டான்" என்றார் மாமியார் உள்ளேயிருந்து.

"மத்ததெல்லாம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மத்ததெல்லாம் கடகடன்னு சொல்லிட்டேன். ஊரு, தொழிலு, அம்மா, எல்லாம். நாளிக்குச் சொல்றாங்களாம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் எழுந்து கால் கழுவிவிட்டு வந்து, என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்த பாடம் இன்னா வெச்சிக்கிற?"

ஒன்று வைத்திருந்தேன். விமானப் பாடம். வானத்தில் போவதைத் தவிர விமானத்தை நான் பார்த்ததில்லை, அதனால் வேலூர் பஸ்ஸை மனதில் வைத்துத் தயாரித்திருந்தேன். ஜன்னலோரம் இடம் கேட்பது, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வது, மயக்கமாக இருக்கிறது என்று சொல்வது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"என் எடம் வந்தா சொல்லுங்கன்னு எப்டி கேக்கறது?"

"அது வழியில எங்கியும் நிக்காதுங்க."

"நின்னா?"

அதையும் சொல்லிக் கொடுத்தேன். விளக்கு வைக்கும் வரை படித்தோம்.

மறுநாள் சங்கத்திலிருந்து ஆள் வந்து, வேறு தெருக்காரர் ஒருவரை எடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று மழை. நெசவுக்கான பாவு நூலைத் தெருவில் நீட்ட முடியவில்லை.