பாதையில நிக்கிற இல்லாத சிலை

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மருமக போன்ல தட்டுறா.

இன்னைக்குக் காலையில லிந்துலைக்கு பஸ் பிடிக்க எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பக்கத்துக் குறுக்குப் பாதையில எறங்குனேன். ஆஸ்பத்திரிக்கு ஆளைத் தூக்கிட்டுப் போறதும் அந்தப் பாதையிலதான். நடுவுல கம்பு நட்டு, சுத்திக் கயிறு கட்டியிருக்கு.

தோட்டத்துத் துரை இருந்த பங்களா இப்ப ஹோட்டல். அங்க காவலுக்கு வாச்சரா இருக்குற எங்க லயத்து செல்வராசு மறிச்சான். "சுத்திப் போங்க மாமா. உள்ள சிலை இருக்கு."

"எங்கடா?"

"கண்ணுக்குத் தெரியாதாம். பலகையில அப்படித்தான் போட்டிருக்கு."

சிலை செஞ்ச கொழும்புத் தம்பியும் அங்கதான் நின்னாரு. "ஐயா, ஒண்ணும் இல்லாததும் கலைதான். மனசால பாருங்க"ன்னாரு.

பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அது இங்க நிக்கல, பங்களா வாசல்ல நிக்குது. கயித்த அங்க கட்டுங்க."

அவரு சிரிச்சிட்டாரு. கூட நின்ன ஹோட்டல் மேனேஜர் சிரிக்கல. "அங்க முடியாது, வாகனம் நிறுத்துற எடம்."

சுத்திப் போறதுக்குள்ள பஸ் போயிருச்சு.

என் கல்யாண வருசம் இதே பங்களாவுக்குப் பின்னால, நாங்க தண்ணிக்குப் போற வழியில பூப்பாத்தி போட்டு, மிதிக்கக் கூடாதுன்னு கயிறு கட்டுனாங்க. பூ அந்த மழையிலேயே அழுகிப் போச்சு. கயிறு முள்ளுக்கம்பியாச்சு. தண்ணி எடுக்க பீலிக்கரைக்கு இன்னமும் சுத்தித்தான் போறோம்.

ஒண்ணுமில்லாதது கலையா இல்லையான்னு படிச்சவங்க பேசி முடிக்கட்டும். எனக்குச் சிலை தெரியல. கயிறு நல்லாத் தெரியுது.

உங்க தோட்டத்துப் பாதையிலயும் இப்படி ஏதாவது நிக்குதா? போய்ப் பார்த்துட்டுச் சொல்லுங்க.