சத்தம் நின்றதற்கு நன்றி சொன்னேன்

2013-ஆம் ஆண்டு, ஆயுத பூஜை முடிந்த அடுத்த வியாழக்கிழமை. மத்தியானம் என் மகள் கலைவாணி போனில் கூப்பிட்டாள்.

“அப்பா, பயப்படாத. ஒண்ணும் ஆகல. கேரவன் எங்கள தள்ளிக்கிட்டுப் போயிடுச்சுப்பா.”

ஒன்றும் ஆகவில்லை என்று சொன்ன குரல் நடுங்கியது.

ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போய்த் தொழிலாளர்களுக்குக் கண் பரிசோதனை செய்யும் ஓர் அறக்கட்டளையில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். கருவிகள் எல்லாம் ஒரு கேரவனுக்குள் இருக்கும். அதை ஜீப் இழுத்துப் போகும். அவள் கண் பரிசோதகர். வண்டிகளின் பராமரிப்பு என் பொறுப்பு. அன்று வாலாஜாபாத் சாலையில் முன்னால் போன கன்டெய்னர் லாரி திடீரென்று நின்றிருக்கிறது. டிரைவர் ஏழுமலை பிரேக்கை மிதித்தும் கேரவன் நிற்காமல் ஜீப்பை முட்டித் தள்ளியிருக்கிறது. அவர் ஓரத்து ஜல்லிக் குவியலில் ஏற்றி நிறுத்தினார். ஜீப்புக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடமில்லையாம்.

அலுவலகத்தில் அதிவேகம் என்று சொல்லி ஏழுமலையை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். திங்கட்கிழமை அடுத்த முகாம். கலைவாணி அதே கேரவனோடு போக வேண்டும்.

இரண்டு நாள் அதைப் பிரித்துப் பார்த்தேன். கை பிரேக்கை இழுத்தால் சக்கரம் இறுகப் பிடித்தது. பிரேக் கட்டைகள் தேயவில்லை. குறையே இல்லை. குறை தெரியாத வண்டியில் பெற்ற பிள்ளையை எப்படி ஏற்றுவது?

சனிக்கிழமை காலை குன்றத்தூர் மலையேறினேன். “முருகா, அவளை அந்த வண்டியில் ஏற விடாதே” என்று மட்டும்தான் கேட்க வந்தது. அழுதுவிட்டேன்.

இறங்கி வரும்போது படியில் ஏழுமலை நின்றிருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம். பக்கத்தில் அவர் மனைவி.

“இன்னா சார் பாக்குறீங்க? வேலையும் பூடுச்சு, முடியும் பூடுச்சு.”

“தல தப்பிச்சதுக்கு முடி தானே கேட்டாரு சாமி. லாபம்தான் சார்” என்றார் அந்த அம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நெசமா வேகமாப் போனியாப்பா?” என்று கேட்டேன்.

“என் கொயந்த மேல சத்தியமா இல்ல சார். முன்னெல்லாம் பிரேக் புடிச்சா பின்னால டங்கு டங்குனு இடிக்கும். ஆனா நிக்கும். நீங்க பூஜைக்கு பெயிண்ட் அடிச்சீங்க பாரு, சத்தம் நின்னுச்சு. அன்னிலேர்ந்து நிறுத்தவும் முடியல.”

பூஜையன்று ஓட்டிப் பார்த்து, இடிக்கும் சத்தம் நின்றதே என்று முருகனுக்குக் கற்பூரம் ஏற்றியவன் நான்.

நேரே பணிமனைக்குப் போனேன். ஜீப் பிரேக் போடும்போது கேரவன் முன்னால் வந்து அழுத்தும். அந்த அழுத்தத்தில், கேரவனை ஜீப்போடு மாட்டும் கொக்கியின் தண்டு உள்ளே சரிந்து கேரவனின் பிரேக்கை இழுக்க வேண்டும். அது மெதுவாகச் சரிவதற்காக உள்ளே எண்ணெய் நிரப்பிய ஒரு டேம்பர் உண்டு. கேரவன் உருளாமல் இருக்கக் கை பிரேக்கைப் போட்டுவிட்டு, கொக்கியை உடம்பு பலம் முழுவதும் கொடுத்துத் தள்ளினேன். நூலளவும் நகரவில்லை.

காரணம் என் கை. வருஷா வருஷம் பூஜைக்கு வண்டி பளபளக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் பெயிண்ட் அடிப்போம். அந்த வருஷம் தண்டில் துருப் பள்ளங்கள் இருந்தன. கிழிந்த ரப்பர் உறையைக் கழற்றி எறிந்து, பள்ளத்தில் பட்டி பார்த்து, மேலே இரண்டு கோட் வெள்ளிப் பெயிண்ட் அடித்தேன். கிரீஸ் விடும் துளையையும் மூடிவிட்டேன். எல்லாம் காய்ந்து தண்டை இறுக்கிவிட்டது. கை பிரேக்குக்குத் தனி வழி என்பதால் அது மட்டும் பிடித்தது.

சுரண்டித் தண்டை விடுவித்ததும், அடுத்த குறை தெரிந்தது. தள்ளியதும் தடையே இல்லாமல் டங்கென்று உள்ளே போனது. டேம்பரில் எண்ணெய் வற்றியிருந்தது. பழைய சத்தம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலை. தண்டு, டேம்பர், உறை மூன்றையும் புதிதாக மாற்றினேன். முதலில் சக்கரத்தில் பிரேக் கட்டைகளைச் சரிசெய்து, பிறகு பிரேக் கம்பியின் தொய்வை எடுத்தேன். தள்ளினால் தண்டு நிதானமாக உள்ளே போய், நிதானமாக வெளியே வந்தது. ஏழுமலையைக் கூப்பிட்டு காலி மைதானத்தில் பத்து தடவை நிறுத்தச் சொன்னேன். பத்து தடவையும் இடிக்காமல், தள்ளாமல் நின்றது.

அன்று மாலையே மேலாளரிடம் போய், தவறு டிரைவருடையது இல்லை, என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டினார். ஏழுமலையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

இப்போது ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் கொக்கியைத் தள்ளிப் பார்த்த பிறகுதான் வண்டிக்கு விபூதி பூசுகிறேன்.

அன்பர்களே, குறையைச் சொல்லாமல் வேண்டுதலை மட்டும் சொல்லிப் பழகியவன் நான். அவளை ஏற விடாதே என்றேன். அவள் ஏறிப் போகும்படி வண்டியைச் சரிசெய்ய வைத்தான் முருகன். உங்கள் கலக்கத்தையும் அவனிடம் கொண்டுபோங்கள். பதில் உங்கள் தவறையே காட்டினாலும் முகம் திருப்பாதீர்கள், அதுவும் அருள்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலை கலைவாணி ஜீப்பில் ஏறினாள். “வரட்டாப்பா?” என்றாள். போய் வா என்றேன்.