அருணா போட்ட ஒற்றை நட்சத்திரம்

சிலமலையில் பிறந்து குரங்கணிக்கு வாழ்க்கைப்பட்டவள் அருணா. அடுத்தவர் பயணத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பதில் அவளுக்கு இணை அந்த அடிவாரத்தில் கிடையாது. சென்னையிலிருந்து யாரோ ஒருவர், "இரண்டு பிள்ளைகள், மாமியாருக்கு முட்டிவலி, மலை பார்க்க வேண்டும்" என்று செய்தி அனுப்பினால் போதும். எந்த ரயிலில் ஏறினால் தூங்கி எழும்போது போடி வரும், கீழ்ப் படுக்கை கிடைக்க எந்த நாளில் முன்பதிவு செய்ய வேண்டும், மாமியாரை எதுவரைக்கும் ஜீப்பில் கூட்டிப் போகலாம், பிள்ளைகளை எந்த இடத்தில் ஆற்றில் இறக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதி அனுப்பிவிடுவாள். ஸ்டேஷன் வாசலில் அவள் புருஷன் ஜெகதீஷின் ஜீப்பு நிற்கும்.

இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தவள். குரங்கணிக்கு வந்தபின் பொழுது போகாமல் செல்போனைத் துழாவினாள். வெளியூர்க்காரர்கள் தங்க இடம் தேடுவதைப் பார்த்தாள். வீட்டின் பின்கட்டில் இருந்த இரண்டு அறைகளுக்கு வெள்ளையடித்து, புதுக் கட்டில் போட்டு, படம் பிடித்து ஆப்பில் ஏற்றினாள். முதல் மாதமே ஆள் வந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டில் சுருளியம்மாளின் வீடு. ஜெகதீஷுக்குத் தூரத்து அத்தை முறை, ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் எஸ்டேட்டில் காவலுக்கு இருந்தார். வாரம் ஒருமுறைதான் இறங்கி வருவார். "எங்க வீட்டையும் அதுல போட்டுவிடு ஆத்தா, சும்மாதான கெடக்கு" என்று அவள் வந்து கேட்டபோது அருணாவே போய்ப் படம் பிடித்தாள். வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்து, 'மேல்வீடு' என்று பேரும் போட்டாள். மேட்டில் சிக்னல் கிடையாது. அதனால் சுருளியம்மாளுக்கு வருகிற முன்பதிவெல்லாம் அருணாவின் போனுக்கே வந்தது. அவள் பார்த்துச் சொல்லியனுப்புவாள். சுருளியம்மாள் சமைப்பாள். துணி துவைக்கவும் அறையைக் கூட்டித் துடைக்கவும் மூக்கம்மாள் என்று ஒருத்தியை வைத்துக்கொண்டாள்.

மேல்வீட்டின் பேர் மெல்ல மெல்ல ஏறியது. சாப்பாட்டைப் பற்றி எழுதினார்கள். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலையைப் பற்றி எழுதினார்கள். மூக்கம்மாள் மடித்து வைக்கிற விரிப்பைப் பற்றிக்கூட ஒருவர் எழுதியிருந்தார். ஐந்து நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று அருணாவின் போனிலேயே வந்து விழுந்துகொண்டிருந்தது. குரங்கணி என்று தேடினால் மேல்வீடு முதலில் வரும். 'கீழ்வீடு' என்று அருணா பேர் வைத்திருந்த தன் வீட்டைப் பார்க்க விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

ஆயுத பூஜை விடுமுறைக்குக் கொஞ்ச நாள் முன்பு அது நடந்தது. பெங்களூர்க் குடும்பம் ஒன்றுக்கு அருணா நாள்கணக்காக எல்லாம் செய்து கொடுத்திருந்தாள். ரயில் டிக்கெட், ஜீப்பு, பாட்டிக்கு உப்பில்லாத சாப்பாடு, போகும் வழியில் வாந்தி வராமலிருக்க என்ன சாப்பிட வேண்டும் என்பது வரைக்கும். அந்த வீட்டம்மா போன் செய்து, தயக்கமே இல்லாமல் சொன்னாள்: "நீங்க ரொம்ப நல்லா ஹெல்ப் பண்ணுனீங்க. ஆனா நாங்க மேல்வீட்லயே தங்கிக்கிறோம். ஜீப்பை மட்டும் அங்க விடச் சொல்றீங்களா?"

"சரிங்க" என்றாள் அருணா.

அன்று மத்தியானம் மழை பெய்துகொண்டிருந்தது. ஜெகதீஷ் லோடு ஏற்றிப் போயிருந்தான். மேல்வீட்டுக்கு வருகிறவர்களுக்கு 'இடமில்லை' என்று பதில் போட்டுவிட அவளால் முடியும். அந்த அளவுக்கு இறங்கவில்லை என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள். ஆனால் மேசை இழுப்பறையில் தம்பி விட்டுப்போன பழைய சிம் ஒன்று கிடந்தது. மாதக்கணக்கில் ரீசார்ஜ் செய்யாதது, ஓடிபி வரும் அளவுக்கு மட்டும் உயிர் இருந்தது. அதைப் போட்டு, வேறு ஒரு பேரில் புதுக் கணக்குத் திறந்தாள். வரைபடத்தில் வீட்டுப் பேரைத் தட்டினால் வருகிற பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒற்றை நட்சத்திரத்தைத் தொட்டாள்.

நம்பும்படி இருக்க வேண்டும் என்று யோசித்தாள். போன மாதம் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி மேல்வீட்டில் தங்கிப் போனது நினைவு வந்தது. இங்கிலீஷில் எழுதினாள். குழந்தையோடு போனோம், படுக்கை விரிப்பை மாற்றியிருக்கவில்லை, ராத்திரி விரிப்பிலிருந்து அட்டை ஏறிக் குழந்தையின் காலைக் கடித்து ரத்தம் வந்தது, கழிப்பறை நாறியது. எழுதி முடித்ததும் அனுப்பிவிட்டாள். சிம்மைக் கழற்றி மழையில் வீசி எறிந்தாள்.

அதற்கப்புறம் மேல்வீட்டுக்கு வந்த முன்பதிவுகள் ஒன்றொன்றாகக் கழன்றன. பெங்களூர்க் குடும்பமும் ரத்து செய்தது. அவர்கள் கீழ்வீட்டுக்கும் வரவில்லை, வேறு மலைக்குப் போய்விட்டார்கள்.

தீபாவளி நெருங்கும்போது சுருளியம்மாள் இறங்கி வந்தாள். ஈரக்காலோடு வாசல் நடையில் நின்றாள்.

"என்ன ஆத்தா, ஒருத்தரையும் காணோம்? ஜெகதீசக் கேட்டா, அதுல யாரோ விரிப்புல அட்ட கடிச்சதா எழுதிருக்காகன்னு ஜீப்புல வந்தவுக பேசிக்கிட்டாகன்னு சொல்றான். நீ பாத்தியா?"

"பாத்தேன் அத்தே."

"எங்கிட்டச் சொல்லலையே. சங்கடப்படுவேன்னு மறச்சியா? என்ன எழுதிருக்கு, வாசிச்சுச் சொல்லு."

அருணா போனை எடுத்தாள். தான் எழுதியதைத் தானே ஒரு வரி வாசித்து, ஒரு வரி தமிழில் சொன்னாள். கழிப்பறை நாறியது என்பதை விட்டுவிட்டாள். அட்டை கடித்ததை விட முடியவில்லை, ஏனென்றால் சுருளியம்மாளுக்கு அது ஏற்கெனவே காதுக்கு வந்திருந்தது. கேட்டுக்கொண்டே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பச்சப் புள்ளைய்யா அது. எங்கையிலதான் குடுத்துட்டுக் குளிக்கப் போனா அதப் பெத்தவ. போம்போது ஒரு வார்த்த சொல்லலயே. கும்புட்டுட்டுல போனாக." அருணாவின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். "அதுக்குக் கீழ நம்ம பதில் எழுதலாமாமே?"

"எழுதலாம் அத்தே."

"அப்ப எழுது. கைப்புள்ளையோட வந்தவுகளுக்குச் சங்கடத்தக் குடுத்துட்டோம். தப்பு எங்கமேலதான். மன்னிச்சுக்கங்க. விரிப்பு மாத்தாத வேலைக்காரிய நிப்பாட்டிட்டோம். இன்னொருக்கா வாங்க, காசு குடுக்க வேணாம். எழுதிட்டியா?"

அருணாவின் விரல் நின்றுவிட்டது. "மூக்கம்மாக்காவ நிப்பாட்டிட்டீகளா?"

"பின்ன? புள்ள ரத்தம் சிந்திருக்கு. ஜெகதீசு சொன்ன அன்னைக்கே, நாளைக்கு வர வேணாம்னு சொல்லிட்டேன். மாத்துனேன்னுதான் சாதிச்சா. அவ சொல்றத நம்புறதா, படிச்சவுக எழுதுனத நம்புறதா?"

அருணா மன்னிப்பை எழுதி முடித்தாள். தன் பொய்க்கு நேர் கீழே, தன் கையாலேயே. வேலைக்காரி பற்றிய வரியை மட்டும் எழுதவில்லை. சுருளியம்மாளுக்குத் தெரியாது. "சரியா எழுதிருக்கியா ஆத்தா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கே அருணா அந்த வரிகளை அழித்துவிட முயன்றாள். கடவுச்சொல் என்ன வைத்தோம் என்பது மறந்துவிட்டது. புதிதாகக் கேட்டால் ஓடிபி அந்தப் பழைய நம்பருக்குப் போகும். சிம்மை எறிந்த இடத்தில் புல்லை விலக்கித் தேடினாள். கிடைக்கவில்லை. பொய்யான விமர்சனம் என்று அந்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினாள். எங்கள் விதிகளுக்கு அது முரணாக இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் அந்த நம்பருக்கே போன் போட்டுப் பார்த்தாள். ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன அந்த நம்பர் இப்போது வேறு யாருக்கோ போயிருந்தது. ஒரு பெரியவர் எடுத்தார்.

"ஐயா, ஒங்களுக்கு ஒரு ஓடிபி வரும். அத மட்டும் கொஞ்சம் சொல்றீங்களா? அது என் கணக்குங்கய்யா."

"இந்தாம்மா, ஓடிபி கேட்டு ஏமாத்துறதுக்கு நாந்தான் கெடைச்சேனா? குரலப் பாத்தா குடும்பப் பொம்பள மாதிரி இருக்கு. இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று வைத்துவிட்டார்.

அந்த மனிதர் தன்னைத் தப்பாக நினைக்கவில்லை என்றே அருணாவுக்குத் தோன்றியது.

அதற்குப்பின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விருந்தாளிகளுக்கு விரிப்பு மாற்றும்போதெல்லாம் இரண்டு தடவை உதறினாள். "என்னாச்சு ஒனக்கு, ஒடம்புக்கு முடியலையா?" என்று ஜெகதீஷ் கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். மூக்கம்மாள் என்ன செய்கிறாள் என்று அவனிடமே கேட்டாள். மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போவதாகச் சொன்னான். விடியுமுன் போடிக்குப் போய், கூலியாட்களை ஏற்றிப்போகிற ஜீப்பைப் பிடிக்க வேண்டும். அந்தியில்தான் திரும்பி வருவாள்.

அருணா போடிக்குப் போய் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள். மூக்கம்மாள் மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் தாளை மடித்துக்கொண்டு வந்தாள். விரல்நுனியெல்லாம் காய்க்கறை படிந்து கறுத்திருந்தது. அருணாவைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"என்னம்மா இங்க? மறுபடி எதும் எழுதிருக்காகளா?"

"இல்லக்கா. ஒங்களப் பாக்கத்தான் வந்தேன்."

"அந்தப் புள்ளைக்குக் காலு ஆறிருச்சாம்மா? அதுல எதும் போட்ருக்காகளா?" பதிலுக்குக் காத்திராமல் அவளே பேசினாள். "நான் மாத்துனேன்னுதான் சொன்னேன். மொதல்ல சத்தியமாத்தான் சொன்னேன். இப்ப எனக்கே தெரியலம்மா. செடிக்குள்ள குனிஞ்சு காய் எடுக்கைல, அன்னைக்கு விரிப்ப ஒதறுனேனா, இல்ல ஒதறுனதா நெனைச்சுக்கிட்டேனான்னு அதே நெனப்பு. மழை நாளு, துணி காயல. அப்பிடியே போட்ருப்பேனோ என்னமோ. ஒரு புள்ள ரத்தத்த எங்கையால..."

"அக்கா, ஒதறுனீக. மாத்துனீக. எல்லாம் செஞ்சீக." அருணா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அட்டையும் கடிக்கல, ஒன்னும் கடிக்கல. அத எழுதுனது நான்."

மூக்கம்மாளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பக்கத்தில் ஒரு பஸ்சு கிளம்பிப் போனது. அவள் கையை விடுவித்துக்கொண்டு போய்க் குரங்கணி பஸ்சில் ஏறி உட்கார்ந்தாள். அருணாவும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இறங்கும்போதுதான் மூக்கம்மாள் வாயைத் திறந்தாள்.

"எங்கிட்டச் சொன்னத மேல வந்து சொல்லு. இப்பவே வா."

சுருளியம்மாள் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்து நிமிர்ந்தாள். அருணா நின்றபடியே சொல்லிவிட்டாள். பெங்களூர்க் குடும்பத்தைப் பற்றியோ தன் ஆத்திரத்தைப் பற்றியோ சொல்லவில்லை. நான்தான் எழுதினேன், அத்தனையும் பொய் என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப அந்தப் புள்ளய அட்ட கடிக்கலையா?"

"இல்ல அத்தே."

"அவுக சந்தோசமாத்தான் போனாகளா?"

"ஆமா."

"தெய்வமே" என்று சுருளியம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். அவள் முதலில் நிம்மதிப்பட்டதுதான் அருணாவால் தாங்க முடியாததாக இருந்தது. பிறகு சுருளியம்மாளின் பார்வை மூக்கம்மாளின் கறுத்த விரல்களுக்குப் போனது. "ஒன்னைய நான் ஒரு வார்த்த நின்னு கேக்கலயே, மூக்கு" என்றாள். மூக்கம்மாள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அருணா காலைத் தொடக் குனிந்தபோது சுருளியம்மாள் விலகிக்கொண்டாள்.

"ஏன் செஞ்சன்னு நான் கேக்கப் போறதில்ல. கேட்டா நீ ஒரு காரணம் சொல்லுவ. அத வெச்சு நானும் சரின்னு மனசு எளகிருவேன். இன்னைக்கு எளக வேணாம்னு பாக்கேன். போயிட்டு வா."

வீட்டுக்கு வந்து ஜெகதீஷிடம் சொன்னாள். அவன் கையோங்கவில்லை, கத்தவுமில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்துவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் மேல்வீட்டுப் பக்கத்தில் அருணா தன் சொந்தப் பேரில் எழுதினாள். குழந்தையை அட்டை கடித்தது என்று இருப்பது பொய், அதை எழுதியது கீழ்வீட்டு அருணாவாகிய நான், பொறாமையால் எழுதினேன், அந்த வீட்டில் விரிப்பு தினமும் மாற்றப்படுகிறது. தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினாள். "ஊரு பூராம் படிக்குமேடி. நம்ம வீட்டுக்கு எவன் வருவான்?" என்று ஜெகதீஷ் கேட்டான். ஆனாலும் எடுக்கச் சொல்லவில்லை. கீழ்வீட்டுக்கு ஆள் குறையத்தான் செய்தது.

மேல்வீட்டுப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சுருளியம்மாள் போடியில் இருக்கும் தன் தங்கை மகளிடம் கொடுத்துவிட்டாள். மூக்கம்மாளைத் திரும்பக் கூப்பிட்டாள், இரண்டு தடவை வீடு தேடிப்போய்க் கூப்பிட்டாள். மூக்கம்மாள் வரவில்லை. "தோட்டத்துல காயத்தான் சோதிச்சுப் பாப்பாக, என்னைய இல்ல" என்று சொல்லிவிட்டாள். இப்போது அவள் முட்டியில் நீர் கோத்துக்கொள்கிறது என்று கேள்வி. விடியலில் கூலி ஜீப்பின் சத்தம் எங்கே கேட்டாலும் அருணா எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

ஒற்றை நட்சத்திரம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. புதிது புதிதாக ஐந்து நட்சத்திரங்கள் வந்து அதைக் கீழே தள்ளினாலும், தேடிப் படிக்கிறவர்கள் படித்துவிடுகிறார்கள். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் அருணாவைக் கூப்பிட்டாள். ஜீப்புக்காகத்தான் கூப்பிட்டாள். பேச்சுவாக்கில், மேல்வீட்டில் தங்கலாமா, சுத்தமாக இருக்குமா, கைக்குழந்தை இருக்கிறது என்று கேட்டாள். அருணா நின்ற இடத்திலேயே நின்று, ஜன்னல், விரிப்பு, கழிப்பறை, வெந்நீர், சுருளியம்மாள் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொள்கிற விதம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இவ்வளவு சொல்றீங்களே, உங்க சொந்தக்காரங்க வீடா?" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

அருணா ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டைப் பார்த்தாள்.

"இல்லைங்க, பக்கத்து வீடு" என்றாள். "எந்த ரயில்ல வர்றீங்கன்னு சொல்லுங்க, ஜீப்ப அனுப்பி வைக்கிறேன்."