ஆறு வரியும் மூன்று வரியும்

அந்த இரண்டு தாள்களும் இன்றும் என்னிடம் இருக்கின்றன. அரிசி டின்னுக்கு அடியில் ஒரு பையில் சுற்றி வைத்திருக்கிறேன். இரண்டிலும் இருப்பது ஒரே கையெழுத்து, நான் வேலை பார்க்கும் வீட்டுப் பெரியவருடையது. "இன்னுமா கோவம் போகல?" என்று தம்பி கேட்கிறான். போகவில்லை. போய்விடக் கூடாதென்றுதான் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

திருநெல்வேலி டவுனில் அந்த வீட்டில் இருபத்தாறு வருடமாகப் பாத்திரம் தேய்க்கிறேன். பெரியவர் கல்வி ஆபீசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாரும் மார்க்கை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு முன்ஹாலில்தான் போய் உட்காருவார்கள். எந்தக் காலேஜ் கிடைக்கும், எது கிடைக்காது என்று அவர் சொல்வதுதான் முடிவு. அவரிடம் நான் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. எதுவானாலும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று வீட்டு அம்மாவிடம் சொல்வேன். என் சுபாவம் அப்படி. படித்ததும் ஐந்தாம் வகுப்புதான்.

தம்பியும் அவன் பெண்சாதியும் பாபநாசம் பக்கம் மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்கள் மகளை ஆறாம் வகுப்பிலிருந்து நான்தான் என்னோடு வைத்துப் படிக்கவைத்தேன். அரசுப் பெண்கள் பள்ளி. இங்கேயே அரசாங்கக் காலேஜில் கம்ப்யூட்டர் இஞ்சினியர் படிப்பு படிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. எனக்கும் அதைத் தவிர வேறு ஆசை கிடையாது.

அவள் பிளஸ் டூ முடித்த அதே வருடம் பெரியவரின் பேரனும் முடித்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த அம்மா பேரனின் ஆறு மார்க்கையும் ஒப்பிப்பாள். மொத்தம் 579. கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. எங்கள் பிள்ளைக்கு 547. அதைக் கேட்பார் இல்லை.

பெரியவரிடம் கேட்கத் தைரியம் வர எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒருநாள் சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் முன்ஹாலில் நின்றேன். அவர் ஒரு தாளில் அவள் மார்க்கை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். தமிழ் 92, இங்கிலீஷ் 84, கணக்கு 98, பிசிக்ஸ் 90, கெமிஸ்ட்ரி 94, கம்ப்யூட்டர் 89. கூட்டி, மூன்றால் வகுத்தார்.

"கட் ஆஃப் இருநூறுக்கு நூத்தி எம்பத்திரெண்டு. அரசாங்கக் காலேஜுக்கு இது காணாது. அப்ளிகேஷன் போட்டு மனசக் கெடுத்துக்கிடாதீங்க" என்று தாளைப் பிள்ளையிடமே கொடுத்தார்.

அந்த அம்மா உடனே ஆரம்பித்தாள். "ஏளா, ஒனக்கும் மூட்டு வலி வந்துட்டு. இனி இவ காலையில இங்கன வந்து வேலையப் பாக்கட்டும். சாயங்காலம் டைப்படிக்கப் போகட்டும். நம்ம வீட்டுப் பிள்ள மாதிரி வச்சுக்கிடுதேன்."

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றும்.

பிள்ளை அழவில்லை. வீட்டுக்கு வந்து யூனிபாரத்தை மடித்துப் பெட்டியில் வைத்தாள். "காலையில எத்தன மணிக்குப் போணும் அத்த?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். பழைய பேப்பரையெல்லாம் கடைக்குப் போடக் கட்டிவைக்கச் சொன்னாள் அந்த அம்மா. மே மாதத்துப் பேப்பர்களுக்கு நடுவிலிருந்து ஒரு தாள் விழுந்தது. அவர் கையெழுத்து. மூன்றே வரி. 95. 48.5. 46.5. கீழே கோடு கிழித்து 190.

95 பேரனின் கணக்கு மார்க். மற்ற இரண்டும் என்னவென்று அப்படியே உட்கார்ந்து யோசித்தேன். பலசரக்குக் கடை எடை மிஷினில் புள்ளி ஐந்து என்றால் அரை என்று எனக்குத் தெரியும். பேரனுக்கு பிசிக்ஸ் 97. அதில் பாதி நாற்பத்தெட்டரை. கெமிஸ்ட்ரி 93. அதில் பாதி நாற்பத்தாறரை. தமிழும் இங்கிலீஷும் அந்தத் தாளில் இல்லவே இல்லை. மூன்றால் வகுக்கவும் இல்லை.

தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிள்ளையின் மார்க்கை அதேபோல எழுதினேன். கணக்கு முழுதாக 98. பிசிக்ஸ் பாதி 45. கெமிஸ்ட்ரி பாதி 47. கூட்டினால் 190.

தவறிப் போட்டிருப்பார் என்று சொல்லலாம். தவறென்றால் பேரனுக்கும் அதே தவறு வந்திருக்க வேண்டும். பேரனுக்கு மூன்று வரி, எங்களுக்கு ஆறு வரி. இவள் படிக்கப் போய்விட்டால் அவர்கள் வீட்டுத் தட்டை யார் தேய்ப்பார்கள்?

அப்ளிகேஷன் போட இன்னும் நாலு நாள்தான் இருந்தது. அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். கணக்கு டீச்சர் இருந்தாள். "கணக்கு முழுசு, மத்த ரெண்டும் பாதிப் பாதி. இது அஞ்சாங்கிளாஸ் கணக்குதாம்மா. மூணால வகுக்கணும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். நான் பெயர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் ஆத்திரம் பாதி அங்கேயே ஆறியிருக்கும். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரிலேயே டீச்சர் அப்ளிகேஷனைப் போட்டுக் கொடுத்தாள்.

அதன்பிறகும் தினமும் அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளை எங்கே என்று கேட்டால், எஸ்டேட்டுக்குப் போயிருக்கிறாள், பைய வருவாள் என்பேன். அவர்கள் தட்டைத் தேய்க்கும்போதெல்லாம் வாய்க்குள் நூற்றுத் தொண்ணூறு என்று சொல்லிக்கொள்வேன்.

இஞ்சினியர் படிப்புக்கு ரேங்க் லிஸ்ட் வந்த அன்று முன்ஹாலில் கூட்டம். எதிர்க்கடை அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். பெரியவர் பேரனின் நம்பரைச் சொல்லிக் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, டீச்சர் எடுத்துக் கொடுத்த தாளை நீட்டினேன்.

"அய்யா, எங்க பிள்ள நம்பரையும் பாத்துச் சொல்லுங்க."

"அப்ளிகேஷன் போட்டியளா?"

"போட்டோம்யா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன சார், சத்தத்தையே காணும்?" என்றார் அண்ணாச்சி.

"இது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குன்னு தனியா போடுத லிஸ்டா இருக்கும்" என்றார் பெரியவர்.

"அதுல இன்னும் முன்னால இருக்காய்யா. இது எல்லாருக்கும் உள்ள பொது லிஸ்டு" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

பேரன் எட்டிப் பார்த்தான். "ஆமா தாத்தா, எனக்கு முன்னால இருக்கா. அவளுக்கும் நூத்தித் தொண்ணூறுதான்."

அண்ணாச்சி விடவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே கட் ஆஃப்னா அவ மட்டும் எப்பிடி சார் முன்னால?"

தெருவுக்கே கணக்குச் சொல்கிறவர். சொல்லாமல் இருக்க முடியுமா? "கட் ஆஃப் ஒண்ணா இருந்தா, கணக்கு மார்க் யாருக்குக் கூடன்னு பாப்பாங்க. அவளுக்குத் தொண்ணூத்தெட்டு."

"பேரனுக்கு?"

"தொண்ணூத்தஞ்சு."

அவர் வாயாலேயே வந்தது. நான் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தேன். டம்ளருக்குப் பக்கத்தில், இடுப்பில் சொருகிக் கொண்டுவந்திருந்த அந்த இரண்டு தாளையும் விரித்து வைத்தேன். "அய்யா, இதுல எது சரியான கணக்கு?"



"என்ன தாளு அது?" என்று அந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"நீங்க எங்க பிள்ளைய வேலைக்குக் கூப்பிட்ட அன்னைக்கு அய்யா போட்ட கணக்கும்மா. பக்கத்துல இருக்கது ஒங்க பேரனுக்குப் போட்டது."

அண்ணாச்சி குனிந்து இரண்டையும் படித்தார். பிறகு கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று எழுந்து போனார். காப்பி ஆறி ஏடு கட்டியது. தாள்களை நானே எடுத்துக்கொண்டேன்.

பிள்ளைக்கு இங்கேயே அரசாங்கக் காலேஜில் இடம் கிடைத்தது. பேரன் வெளியூரில் தனியார் காலேஜில் சேர்ந்தான். அவன் மேல் எனக்கு ஒன்றுமில்லை.

வேலையை விட்டுவிடு என்று பிள்ளை சொல்கிறாள். விடமாட்டேன். காலேஜ் பஸ் போகிற நேரத்துக்குச் சரியாக நான் அந்த வாசலைப் பெருக்குவேன். பெரியவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார்.

இந்த வருடம் ரிசல்ட் வந்தபோது முன்ஹாலில் ஆளில்லை. ஒரு பொம்பளை மட்டும் மகள் மார்க்கை எடுத்துக்கொண்டு, பின்வாசலில் நான் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கு வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன். கணக்கு முழுசு, பிசிக்ஸ் பாதி, கெமிஸ்ட்ரி பாதி. முன்ஹாலுக்குக் கேட்கட்டும் என்று இரண்டு தடவை சொன்னேன்.