கோணல் வாய்

காதுக்குப் பின்னால் வளர்ந்திருந்த கட்டியை எடுத்தபோது என் கணவருடைய முக நரம்பு போய்விட்டது. உயிர் தப்பியது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கொரோனா ஓய்ந்து, டெக்ஸஸில் நாங்கள் இருக்கும் பிளானோவில் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றியபோது அவர் மட்டும் கழற்றவில்லை. இந்தியன் ஸ்டோரில் யாராவது, "இன்னும் எதுக்கு அங்கிள் மாஸ்க்?" என்று கேட்டால், "பழகிடுச்சு" என்பார். சாப்பிடும்போது கழற்றியாக வேண்டும். ரசம் ஓரமாக வழியும். அவருக்குச் சங்கடமாக இருக்கக்கூடாதென்று நானும் மகளும் எங்கள் தட்டையே பார்த்துச் சாப்பிடுவோம். போட்டோவுக்கு நிற்கவே மாட்டார்.

பிறகு மாரடைப்பில் போய்விட்டார். ஹாலில் மாலை போட்டு வைத்திருப்பது பழைய, நேரான முகம். ஆனால் என்னிடம் வருவது அது இல்லை. பாத்திரம் தேய்க்கும்போதும், டோல்வேயில் கார் ஓட்டி எக்ஸிட் எடுக்கும்போதும், அந்தக் கோணல் வாய் சட்டென்று வந்து நிற்கும். வாய் மட்டும்தான். மீதி முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றால் அதுவும் கலைந்துவிடும்.

மகள் கல்லூரியில் ஓவிய வரலாறு படிக்கிறாள். போன மாதம் என்னை டாலஸில் ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். ஒரு ஐரோப்பிய ஓவியரின் படங்களும், அவரைப் பாதித்த ஆப்பிரிக்க முகமூடிகளும் அருகருகே இருந்தன. படத்தில் ஒரு பெண். மூக்கு ஒரு திசையில், வாய் இன்னொரு திசையில். முகத்தை உடைத்து வரைந்த துணிச்சல்காரர் என்று அவரைக் கொண்டாடுவார்கள், ஆனால் வழி காட்டியது இந்த முகமூடிகள்தான் என்று மகள் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே வந்தாள்.

நான் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குப் போனேன்.

மரத்தில் செதுக்கிய முகம். பாதி கறுப்பு, பாதி வெள்ளை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது, ஒரு கண் பாதி மூடியிருந்தது. காங்கோவில் செய்தது, நோயில் முகம் கோணிய மனிதரைக் காட்டுவது, அணிந்துகொண்டு ஆடுவார்கள் என்று எழுதியிருந்தது. செய்தவர் பெயர் தெரியவில்லையாம்.

ஓவியர் இதிலிருந்து கோணலை எடுத்துக்கொண்டார். இதைச் செதுக்கியவரோ யாரோ ஒருவரின் முகத்தை நேருக்கு நேர், நெடுநேரம் பார்த்திருக்கிறார். அந்தப் பாதிக் கண்ணைப் பார்த்ததும் தொலைந்துபோனது திரும்பி வந்தது: தூங்கும்போது அவருக்கு ஒரு இமை முழுதாக மூடாது. கீற்றாக வெள்ளை தெரியும். அந்தக் கீற்று இப்போது என்னைப் பார்த்தது.

பின்னால் மகள் வந்து நின்றாள். "அப்பா," என்றாள்.

காரில் ஏறியதும் கேட்டாள்: "லெஃப்ட் சைடுதானேம்மா?"

"இல்லடி, ரைட்."

"நோ, லெஃப்ட். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

எனக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது.

அடுத்த வாரம் நான் மட்டும் தனியாகப் போனேன். பெட்டிக்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளைக்காரப் பெண் முகமூடியைப் பார்த்துத் தன் வாயையும் கோணலாக்கிக்கொண்டு நின்றாள். அவள் அம்மா பதறி, என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்து, அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பரவாயில்லை, விடுங்க," என்றேன், தமிழில் சொல்கிறேன் என்றுகூடத் தோன்றாமல்.