நாவற்பழமும் ஆட்டு இரத்தக்குழாயும்

நாவற்பழத்தைத் தின்கிறவருக்கு நாக்கு மட்டும்தான் ஊதா. அதை ஆராய்கிறவருக்குப் பத்து விரலும் ஊதா. ஆய்வுகூடத்தில் காலம் தள்ளும் சகபாடிகளே, கல்யாண வீட்டில் கை நீட்டிச் சந்தனம் எடுக்க நீங்களும் கூச்சப்பட்டிருப்பீர்கள். வன்னிக் காட்டு நாவற்பழத்தில் அன்டிஒக்சிடன்ட் நிறைய உண்டு என்பதை முதல் மாதமே காட்டிவிட்டேன். அந்தச் சாறு இரத்தக்குழாயை இளக வைக்குமா என்பதுதான் மிச்சக் கேள்வி. இளகினால், கட்டுரையில் முதற்பெயர் எனக்கு. பன்னிரண்டு வருடமாக மற்றவர்களின் கட்டுரைகளில் கடைசி வரி நன்றியில் இருந்தவள் நான்.

மருதானை இறைச்சிக்கடை

சோதனைக்கு ஆட்டின் இதயத்தோடு ஒட்டிய பெரிய இரத்தக்குழாய் வேண்டும், அதுவும் அறுத்த சூட்டோடு. விடிய ஆறு மணிக்கே ஐஸும் உப்புநீரும் நிரப்பிய பிளாஸ்குடன் மருதானைக் கடையில் நிற்பேன். பூனைக்கு எறிகிற சாமானைப் பத்திரமாகப் போட்டுக்கொடுத்த கடைக்கார நானா ஒருநாள் சொன்னார்: "ஈரலுக்குச் சண்டை பிடிக்கிற ஆக்களப் பாத்தீக்கிறேன் தங்கச்சி. குழாய்க்கு வரிசையில நிக்கிறது நீங்க மட்டும்தான்."

ரோல்ஸ் தின்ற நாள்

குழாயை மோதிரம்போல் வெட்டி, இளஞ்சூட்டு உப்புநீரில் கொக்கியில் தொங்கவிட்டு, மருந்து விட்டு இறுக வைத்து, பிறகு பழச்சாற்றை விட வேண்டும். இளகினால் திரையில் கோடு இறங்கும். அன்று கோடு சறுக்கிக்கொண்டு இறங்கியது. சந்தோஷம் தாங்காமல் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் பேராசிரியர் ரோல்ஸைச் சாப்பிட்டு, கையைத் துடைத்து, சாற்றை எதில் எடுத்தேன் என்று கேட்டார். மதுசாரத்தில், அதுதான் அல்ககோலில், என்றேன். அதன்பிறகுதான் எனக்கே உறைத்தது: மதுசாரமே குழாயை இளக வைக்கலாம். அவர் அமைதியாகச் சொன்னார்: "பழத்தோட பார்த்தது காணும். பழமில்லாமல் வெறும் மதுசாரத்தை ஒருக்கா விட்டுப் பாருங்கோ."

விட்டேன். கோடு அதேபோல் இறங்கியது. மாநாட்டுக்கு அனுப்பியிருந்த ஆய்வுச் சுருக்கத்தை நானே திருப்பி எடுத்தேன். அன்று பஸ்ஸில் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

மூன்றாம் மாடி அக்கா

இதற்குள் வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் நாவற்பழம் பிரஷரைக் குறைக்கும் என்று கதை பரவிவிட்டது. மூன்றாம் மாடி அக்கா பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டு நாவற்பழம் தின்னத் தொடங்கியிருந்தார். ஓடிப்போய், "அக்கா, நான் பார்க்கிறது ஆட்டின்ர குழாயில. டொக்டர் தந்த குளிசையை விடாதேங்கோ" என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்: "அப்ப இவ்வளவு நாளும் ஆட்டுக்கோ பிள்ளை வைத்தியம் பார்த்தனீ?"

இரண்டு கோடுகள்

மறுபடி தொடங்கினேன். இம்முறை தண்ணீரில் எடுத்த சாறு. பக்கத்துக் கொக்கியில் வெறும் தண்ணீர் மட்டும். எட்டு ஆட்டின் குழாய்கள். வெறும் தண்ணீருக்குக் கோடு அசையவேயில்லை. சாற்றுக்கு இறங்கியது, முன்பைவிடக் குறைவாக, ஆனால் எட்டுத் தடவையும் இறங்கியது. எனக்குப் பெருமை நெஞ்சில் கொள்ளவில்லை.

இரண்டு கோடுகளையும் பேராசிரியர் முன் வைத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டுத் தன் பேனையை என்னிடம் நீட்டினார்: "முதல் பெயரை நீங்களே எழுதுங்கோ. எனக்கு ரோல்ஸ் பிறகு வாங்கலாம்."

கடைசி வரி நன்றியில் இப்போது மருதானை நானா இருக்கிறார், முதல் வரியில் நான் இருக்கிறேன், விரல்கள் மட்டும் இன்னும் ஊதாவாகவே இருக்கின்றன.