காணி இல்லாத வீடு

மெல்பேர்னின் நோபல் பார்க்கில் வெயில் கொளுத்தும் ஜனவரியிலும் சித்தியின் கார் டிக்கியில் பனிச்சங்கிலி கிடக்கும். பனி மூடிய மலைப்பாதையில் கார்ச் சில்லுக்கு மாட்டுகிற இரும்புச் சங்கிலி. அதன் மேல்தான் அரிசி மூட்டையையும் மரக்கறிப் பைகளையும் வைப்பார். பிரேக் போட்டால் கலகலவென்று சத்தம் வரும். எடுத்துக் கராஜுக்குள் போடும்படி அம்மா சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார். "கிடக்கட்டும் அக்கா. எனக்குப் போறதுக்கு ஒரு இடம் இருக்கெண்டு அது சொல்லிக்கொண்டு வருது" என்பார் சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கலியாணம் செய்யவில்லை. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து முதலில் தன் அண்ணனான மாமா வீட்டில், பிறகு எங்கள் வீட்டுப் பின்னறையில் என்று எப்போதும் இன்னொருவர் கூரைக்குக் கீழேதான் இருந்தார். அந்த அறையில்தான் எங்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டி, தையல் மெஷின், விருந்தாளிகளின் சூட்கேஸ் எல்லாம் இருக்கும். யாருக்கு எது வேண்டுமென்றாலும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவோம். நானும்தான். ஒரு குளிர்காலம் அவரை மலையில் இருக்கிற பனிச்சறுக்கு ஊரின் கிளினிக்குக்குத் தற்காலிகமாக அனுப்பினார்கள். அங்கே ஊழியர்களுக்கான ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சோற்றில் கை வைத்திருந்தபோது, அந்த ஊரில் வீடு வாங்கப்போவதாகச் சொன்னார்.

"எத்தனை பரப்பு?" இதுதான் மாமாவின் முதல் கேள்வி. யாழ்ப்பாணத்தார் காணியைப் பரப்பில் அளப்பார்கள். மெல்பேர்னில் முப்பது வருடம் இருந்தும் மாமா அதை விடவில்லை.

"பரப்பு இல்லை அண்ணை. ரெண்டாம் மாடி."

"அப்ப கீழ கிடக்கிற காணி ஆரின்ர?"

"அரசாங்கத்தின்ர. அந்த மலை முழுக்கக் குத்தகைதான். தவணை முடிஞ்சா அவங்களுக்கே போயிடும்."

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நீ வீடு வாங்கேல்லையடி. வாடகைக்கு இருக்கப் போறாய். முறிஞ்ச காலுகளைப் படம் எடுக்கப் போன இடத்தில உனக்கு மண்டை முறிஞ்சு போச்சோ?"

"முறிஞ்ச காலோட சிரிச்சுக்கொண்டு வாறதுகள் அண்ணை. எனக்கு அந்தச் சிரிப்பு வேணும்."

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். எதைக் கேள்விப்பட்டாலும் அன்றைக்கே தேடிப் படித்து வீட்டாரின் உயிரை வாங்குகிற வயது. அந்த வாரம் முழுக்க எனக்கு மலைப் பைத்தியம். பனியின் வகைகள், மலையில் ஆட்களை ஏற்றும் கதிரை லிஃப்ட் ஓடும் நேரம் என்று சித்திக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மாமாவோ தான் பார்க்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது என்று நின்றார். தங்கச்சிக்கு மூத்தவர் ஒருவர் போய்ப் பார்ப்பதுதான் முறையாம். அடுத்த சனிக்கிழமை நான் கார் ஓட்ட, மூவரும் போனோம்.

பனி இன்னும் தொடங்கவில்லை. லிஃப்ட் கதிரைகள் வெறுமையாகத் தொங்கின. மூடுபனி கார்த் தரிப்பிடம் வரை இறங்கியிருந்தது. மாமா வீட்டுக்குள்ளே போகவில்லை. கட்டடத்தைச் சுற்றிக் குனிந்து குனிந்து நடந்தார். கடைசியில் ஏஜென்ட் பெண்ணிடம், எல்லை எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, வெளிச்சுவரைத் தட்டிக் காட்டினாள். ஊரில் ஒரு முழ வேலிக்காகப் பக்கத்து வீட்டாரோடு நீதிமன்றம் வரைக்கும் போன மனிதர் மாமா. அந்தச் சுவரை அவர் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"இங்க வேலி இல்லை அண்ணை" என்றார் சித்தி. "சண்டை பிடிக்கிறதெண்டா வளை தோண்டுற வொம்பட்டோடதான் பிடிக்கவேணும்."

மாமா சிரிக்கவில்லை. "பகிடி விடாதை. ஒரு நாளைக்கு எழும்பு எண்டு சொல்லுவாங்கள். அப்ப என்ன செய்வாய்?"

சித்தியின் குரல் உயரவில்லை. "ஊரில எங்கட காணிக்கு உறுதிப் பத்திரம் இருந்தது. அப்பா அதைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டினவர். ஆமி எழும்பு எண்டு சொல்ல, உறுதியைக் கையில வைச்சுக்கொண்டுதானே எழும்பினனாங்கள். இவங்கள் எப்ப எழும்பவேணும் எண்டு வரேக்கயே சொல்லிப்போட்டாங்கள். எனக்கு அது போதும்."

மலையிலிருந்து இறங்கும் வழி முழுக்க மாமா கார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை சித்தி கையெழுத்து வைத்தார். பிறகு வருடக்கணக்காகக் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் அது ஒரு பகிடியாக ஓடியது. ஐஸ் பெட்டிக்குள் குடியிருக்கிறவள் என்றார்கள். அந்தக் காசுக்குப் புறநகரில் புல்லுத்தரையோடு வீடு வாங்கியிருக்கலாம் என்றார்கள். சித்தி ஒருவருக்கும் விளக்கம் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிய நேரே மலைக்குப் போனார். அங்கே எனக்குச் சறுக்கப் பழக்கினார் என்று சொன்னால் பொய். இரண்டு பேரும் சேர்ந்து விழப் பழகினோம். விழுந்த இடத்திலேயே மல்லாந்து கிடந்து சித்தி சிரித்த சிரிப்பை நோபல் பார்க்கில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

போன வருடம் சித்தி காலமானார். வீட்டை என் பெயருக்கு எழுதி வைத்திருந்தார். உடனே எல்லோரும் எனக்குக் கணக்குப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்கள்: குத்தகை தேய்கிறது, பனி வருடா வருடம் குறைகிறது, இப்போதே தள்ளிவிடு. அவர்களின் கணக்கில் பிழை இல்லை. அந்தக் கணக்கைச் சித்தியும் அறிந்தே வாங்கினார், நானும் அறிந்தே வைத்திருக்கிறேன். என்றைக்கும் கைவிட்டுப் போகாதது மட்டும்தான் சொந்தம் என்று எனக்குச் சொல்லித்தர, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எங்கள் ஆட்களுக்கு எப்படி வாய் வருகிறது?

குளிர்காலம் தொடங்கிய இந்த ஜூனில் போயிருந்தபோது பனி இல்லை, மழைதான். மாமா போன் எடுத்தார். "வித்துப்போடு பிள்ளை. காணியும் இல்லை, பனியும் இல்லை. அங்க என்னதான் கிடக்குது?"

"கதவு கிடக்குது மாமா. உள்ளுக்கிருந்து பூட்டலாம்."

"நீயும் அவளை மாதிரித்தான்" என்றார் மாமா, ஏசுகிற குரலில்.

நான் நன்றி சொன்னேன்.